சும்மாப் பேச்சுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

"அம்மா, உங்க வகுப்புல ஒழுங்கே இல்லை," என்றார் முனிரத்தினம்.

"என்ன சார் ஆச்சு?" என்றாள் ஜெசிந்தா.

அவர் நோட்டைப் பிரித்தார்.

"நேத்து இம்ரான் 'லக்கூரி'ன்னு சொன்னப்போ கோபமா இருந்தான். எழுதி வச்சேன். லக்கூரி, கோபம். இன்னைக்கு அதே லக்கூரியைச் சொல்லிட்டு வயித்தைத் தடவறான். எதை நம்பறது?"

"நேத்து அவனுக்குக் கோபம் வந்துது. இன்னைக்குப் பசிக்குது."

"அப்போ லக்கூரிக்கு என்னதான் அர்த்தம்?"

ஜெசிந்தா நோட்டை வாங்கினாள். படிக்கவில்லை. மூடி இம்ரானிடம் கொடுத்தாள்.

இம்ரான் அதைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி, "தூலூ தூலூ" என்று தாலாட்டினான். நாகரத்னா அதைப் பிடுங்கித் தரையில் வைத்து, செதில் சீவி, மூன்று துண்டாக வெட்டினாள்.

முனிரத்தினம் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார்.

நோட்டு: குழந்தை; மீன்.

இப்படி ஒரு சீடர் கிடைக்க எந்தக் குருவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

*

ஓசூருக்கு வெளியே, முன்பு ரோஜாப்பூ கட்டி ஏற்றுமதிக்கு அனுப்பிய தகரக் கொட்டகை அது. பூ வியாபாரம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இப்போது சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஜெசிந்தா அங்கே நாடகம் சொல்லிக் கொடுக்கிறாள்.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. முனிரத்தினத்துக்கு அறுபத்தொன்று. மற்ற சீடர்கள் இரண்டே பேர். இம்ரான் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நாகரத்னா ஒரு பூப்பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறாள்.

அவர்கள் செய்கிற பயிற்சிக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் சும்மாப் பேச்சு. எந்த மொழியிலும் இல்லாத சத்தங்களைப் பேச்சு போலவே பேச வேண்டும். சண்டை போடலாம், பேரம் பேசலாம், பெண் கேட்கலாம். முன்கூட்டி எழுதி வைக்கக் கூடாது. வாயில் வருவதுதான் வசனம்.

முதல் நாள் முனிரத்தினம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

"நடிக்க ஆசையா சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இல்லம்மா. நீங்க பேசற மொழியைக் கத்துக்கணும்."

"அது மொழியே இல்லை சார்."

"என் சம்சாரம் பேசறதும் மொழி இல்லைன்னுதான் டாக்டர் சொல்றார்."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

*

அவர் சொன்னது இதுதான்.

அவர் மனைவி யசோதா பேச்சுக்காரி. குழாயடிக்குப் போனால் தண்ணீர் நின்ற பிறகும் அவள் பேச்சு நிற்காது. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை தளர்ந்தது. நடை மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சும் திரும்பியது, ஆனால் சொற்கள் திரும்பவில்லை. தண்ணீருக்கு "தூரி" என்றாள். மறுநாள் அதையே "ஜம்பளி" என்றாள்.

மருத்துவமனையில் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பழக்கச் சொன்னார்கள். முனிரத்தினம் தினமும் காலை பத்து மணிக்குச் சரியாக அட்டைகளோடு உட்கார்ந்தார். குடை, அணில், கதவு.

"கவ்வாரம்," என்பாள்.

"தப்பு. குடை. சொல்லு, கு-டை."

ஒரு நாள் அட்டைகளைக் காணோம். அரிசி டின்னுக்குள் இருந்தன. அவர் எடுத்துத் துடைத்து மறுபடி பத்து மணிக்கு உட்கார்ந்தார்.

அன்றோடு யசோதா பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"மூணு வாரம் ஆச்சும்மா. ஒரு சத்தம் இல்லை. பேசாம விட்டா, வர்றதும் வராமப் போயிடும்னு டாக்டர் பயமுறுத்தறார். வீட்டுல சுவர்க் கடிகாரம் ஓடற சத்தம் கேக்குது. நாங்க கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அந்தக் கடிகாரம் அங்கதான் இருக்கு. அது சத்தம் போடும்னே எனக்கு இப்பதான் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிற ஆள் இல்லை. ஆனால் ரொம்பப் பயந்து போயிருந்தார்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க சார்?"

"கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர். இருபத்தெட்டு வருஷம். தெலுங்கு, கன்னடம், தமிழ். ஒரு வார்த்தை கூட்டினதில்லை, ஒரு வார்த்தை குறைச்சதில்லை."

*

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா சொன்னாள். "இன்னைக்கு நீங்க பேசுங்க சார்."

முனிரத்தினம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். எட்டு வரி சும்மாப் பேச்சு பேசினார். தங்குதடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு.

எல்லோருக்கும் ஆச்சரியம்.

"இன்னொரு தடவை," என்றாள் ஜெசிந்தா.

அவர் பேசினார். அதே எட்டு வரி. எழுத்துப் பிசகாமல்.

இம்ரான் கை தட்டியே விட்டான். சும்மாப் பேச்சை இரண்டாம் முறை அப்படியே பேச அந்தக் கொட்டகையில் யாராலும் முடியாது.

"எப்போ எழுதினீங்க சார்?"

"புதன்கிழமை," என்றார் முனிரத்தினம். "வெள்ளிக்கிழமைக்குள்ள மனப்பாடம் ஆயிடுச்சு."

"யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் இல்லம்மா. ஒப்பிச்சேன்."

"சரி, டீ குடிப்போம்," என்றாள்.

டீ குடிக்கும்போது கேட்டாள். "இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை பேர் உங்ககிட்ட பேசியிருப்பாங்க?"

"என்கிட்டயா? யாரும் இல்லை."

"என்ன சார் சொல்றீங்க?"

"சாட்சி நீதிபதிகிட்ட பேசறான். வக்கீல் சாட்சிகிட்ட பேசறார். நான் நடுவுல நிக்கறேன். அவன் 'நான் பார்த்தேன்'னா நானும் 'நான் பார்த்தேன்'னுதான் சொல்லணும். 'அவன் பார்த்தானாம்'னு சொல்லக் கூடாது. அதான் முறை. அந்தக் கணக்குல நான் பத்துப் பதினஞ்சு கொலையை ஒத்துக்கிட்டிருக்கேம்மா."

அவர் சிரித்தார். ஜெசிந்தாவும் சிரித்தாள். ஆனால் அவள் டீ ஆறிப் போகும்வரை குடிக்கவில்லை.

*

மறுநாள் மொழிபெயர்ப்புப் பயிற்சி. ஒருவர் சும்மாப் பேச்சில் பேசுவார். பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

"இது என் வேலை," என்று முனிரத்தினம் முன்னால் வந்தார். பேசுகிறவருக்கு இடப்பக்கம், ஓரடி தள்ளி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் நின்ற நிலை.

நாகரத்னா பேசினாள். ஏதோ தொலைந்துபோனது போல் மடியைத் தடவினாள். வாசலைக் காட்டினாள். "மெனாகி... சொபிரே... மெனாகி," என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள்.

"சாட்சி சொல்வது எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் இல்லை," என்றார் அவர்.

"சார், அவ அழுதா. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அதைச் சொல்லலையே?"

"அழுகையை மொழிபெயர்க்கிற வழக்கம் இல்லம்மா. அதை நீதிபதியே பார்த்துக்குவார்."

"உங்க வீட்ல நீதிபதி யாரு சார்?"

முனிரத்தினம் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே யோசித்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தார்.

*

அடுத்த வாரம் அவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னைக்கு வகுப்புக்கு இருக்க முடியாதும்மா. கூட இருக்கிற என் தங்கச்சி ஊருக்குப் போயிட்டா. யசோதா ஆட்டோவுல உக்காந்திருக்கா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு இங்க என்னம்மா புரியும்?"

"எங்களுக்கு மட்டும் என்ன புரியுது?" என்றாள் ஜெசிந்தா.

யசோதா இடது கையில் தடியோடு மெல்ல வந்தாள். நீலச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் பக்கத்து நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சந்தை. இம்ரான் காய் விற்பவன். நாகரத்னா வாங்க வந்தவள். கடையும் இல்லை, காயும் இல்லை, தராசும் இல்லை.

"பொக்கிலா டமாரி! டமாரி டமாரி!" என்று இம்ரான் கூவினான்.

நாகரத்னா ஒரு பெரிய காயைக் காட்டினாள். இரண்டு கையாலும் கட்டித் தூக்க வேண்டிய காய். இம்ரான் மூச்சுப் பிடித்துத் தூக்கித் தராசில் வைத்தான். வைத்தவன், கள்ளத்தனமாகத் தட்டை ஒரு விரலால் அழுத்தினான்.

"ஏய்!"

குரல் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து வந்தது.

முனிரத்தினத்தின் கையிலிருந்து பேனா விழுந்தது.

"ஏய், கவ்வாரம்! ஜொத்தல மீடு!" யசோதா தடியை நீட்டி இம்ரானின் விரலைக் காட்டினாள்.

இம்ரான் நல்ல நடிகன். விரலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "சிப்பிலி நஹூரா," என்று ஆண்டவனைக் கூரையில் காட்டிச் சத்தியம் செய்தான்.

அவ்வளவுதான். யசோதா எழுந்துவிட்டாள். தடியை ஊன்றிக் கடைக்கே போனாள். தடியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, அந்த இல்லாத காயை இடது கையால் தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். "தொம்பூ," என்று உதட்டைப் பிதுக்கினாள். உள்ளே சொத்தை என்று குழந்தைக்கும் புரிந்திருக்கும். நாகரத்னா அவள் தோளோடு சேர்ந்து நின்று "தொம்பூ! தொம்பூ!" என்றாள். இம்ரான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

யசோதாவின் முகம் மலர்ந்திருந்தது. காயின் மேல் கை வைத்து அவள் விலை கேட்டாள். "எந்தூரி?"

பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினத்துக்கு அடக்க முடியாத சந்தோஷம். மனைவி பேசுகிறாள். அந்தச் சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எழுந்து ஓடினார்.

"பூசணிக்காய், யசோதா! பூசணிக்காய்னு சொல்லு. பூ-ச-ணி..."



யசோதாவின் கை அந்தரத்தில் நின்றது. கையடியில் இருந்த காய் காணாமல் போயிற்று. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

முனிரத்தினமும் பார்த்தார்.

"ஐயோ," என்றார்.

*

யசோதா திரும்பினாள். ஐந்து வாரத்துப் பேச்சு மொத்தமும் வந்தது. ஐந்து வாரம் என்ன, எட்டு மாதத்துப் பேச்சு. தடி தரையில் தட்டியது. தடியோடு அந்த இடது கை அவரைக் காட்டியது, வானத்தைக் காட்டியது, நெஞ்சைத் தொட்டது. ஒரு சொல்கூட எந்த ஊர்ச் சொல்லாகவும் இல்லை.

மூச்சு வாங்கி நிறுத்தினாள்.

"சார்," என்றாள் ஜெசிந்தா. "மொழிபெயருங்க."

"புரியலம்மா."

"உங்க இடத்துல நில்லுங்க."

முனிரத்தினம் தடுமாறிக்கொண்டே போய் மனைவிக்கு இடப்பக்கம், ஓரடி தள்ளி நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அங்கிருந்து அவங்க முகம் தெரியுதா?"

"தெரியலை. நாங்க முகத்தைப் பார்க்கறதில்லை."

"பாருங்க."

அவர் திரும்பி நின்றார்.

யசோதா மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை மெதுவாக. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினாள். காத்திருந்தாள்.

இருபத்தெட்டு வருஷம் ஒவ்வொரு சாயங்காலமும் முனிரத்தினம் சோற்றுத் தட்டின் முன்னால் யசோதாவிடம் புலம்பியது ஒன்றே ஒன்றுதான். இந்தச் சாட்சிகள் நிறுத்தி நிறுத்திப் பேச மாட்டேன் என்கிறார்களே, நான் எப்படி மொழிபெயர்ப்பேன்?

யசோதா நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நான்," என்று தொடங்கினார் முனிரத்தினம். "நான் பூசணிக்காய்தான் சொன்னேன்."

யசோதா தலையாட்டினாள். அடுத்த வாக்கியம்.

"விக்கறவனுக்குப் புரிஞ்சுது. அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுது. இந்த மனுஷனுக்கு மட்டும் புரியல."

தலையாட்டினாள். அடுத்தது.

"காலையில பத்து மணி அடிச்சா..." அவர் குரல் இறங்கியது. ஆனாலும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். "பத்து மணி அடிச்சா எனக்குப் பயமா இருக்கு. அட்டையோட வந்து உக்கார்றார். நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

நாகரத்னா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யசோதா இன்னொரு வாக்கியம் சொன்னாள். நீளமாக இல்லை.

"எனக்கு உங்க மேல கோபம்," என்றார் முனிரத்தினம்.

யசோதா தலையை இடவலமாக ஆட்டினாள். அதையே திரும்பச் சொன்னாள்.

"நான் சலிச்சுப் போயிட்டேன்."

மறுபடி ஆட்டினாள். மறுபடி சொன்னாள். பொறுமையாக, சிறு பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சத்தமாக. "மீ-லா-து. தோ-ரே."

முனிரத்தினம் அவள் முகத்தையே பார்த்தார். அட்டை இல்லை, நோட்டு இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு..." என்றார். "எனக்கு உங்களோட பேசணும்னு ஆசையா இருக்கு."

யசோதா தலையாட்டினாள். தடியில் சாய்ந்துகொண்டாள்.

தகரக் கூரையில் ஒரு காக்கை நடந்துபோனது.

முனிரத்தினம் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அந்த ஓரடியைத் தாண்டி மனைவியின் எதிரே வந்து நின்றார். என்ன சொல்வதென்று அவருக்கு மூன்று மொழியிலும் தெரியவில்லை.

"தும்... தும்பாரி," என்றார். "யசோதா. தும்பாரி மெலு. மெலு."

எழுதி வைக்காதது. வாயில் வந்தது.

யசோதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். குழாயடிச் சிரிப்பு, தெருவே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. சிரித்து முடித்து, தடியை அவர் மேல் சாய்த்துவிட்டு, அவர் சட்டைக் காலரை இடது கையால் சரி செய்துகொண்டே, தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள்.

முனிரத்தினத்துக்குக் காது வரை சிவந்தது.

"என்ன சார் சொன்னாங்க?" என்றான் இம்ரான்.



"சார், மொழிபெயருங்க," என்றாள் ஜெசிந்தா.

"மாட்டேன்," என்றார் முனிரத்தினம். "அது என்கிட்ட சொன்னது."